பெப்ரவரி பதினேழாம் திகதிக் கடிதம்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
2 மே 2003

அண்ணைக்கு,

நலமா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று மச்சாள் தேடித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். விலாசம் மேலே இருக்கிறது. மொன்றியல் தீவின் மேற்கு நுனி. குணேஸ்வரி அக்கா தன் வீட்டில் ஓர் அறை தந்திருக்கிறார். அவர் வேலை செய்யும் கல்லூரிச் சாப்பாட்டுச்சாலையிலேயே எனக்கும் வேலை. காலையில் முட்டை, மத்தியானம் சூப், பிறகு தட்டுக் கழுவுதல்.

இனிப் போனில் கதைக்கவேண்டாம். நேற்று நான் எடுத்தபோது நீங்கள் கத்தினீர்கள், நான் வைத்துவிட்டேன். சொல்ல இருப்பதை எழுதுங்கள். எழுத்தில் ஒருவர் மற்றவரை இடையில் மறிக்க முடியாது.

"என்ன கடிதம்? எனக்கு ஒண்டும் தெரியாது" என்றீர்கள். சரி, தெரியாதவருக்குச் சொல்வது போலச் சொல்கிறேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மருந்தியல் படிப்புக்கு ஜனவரியில் கொடுத்த விண்ணப்பத்துக்கு மூன்று மாதமாகியும் பதில் இல்லையே என்று கேட்கத்தான் போனேன். அனுமதி அலுவலக யன்னலில் இருந்த பெண் என் பெயரைக் கணினியில் தேடினார்.

"மடாம், உங்கள் கோப்பு மூடியாகிவிட்டதே. மார்ச் பதினைந்தாம் திகதி பிரெஞ்சுப் பரீட்சைக்கு வரச்சொல்லி, பெப்ரவரி பதினேழாம் திகதி கடிதம் அனுப்பினோம். நீங்கள் வரவில்லை."

"எனக்குக் கடிதம் வரேல்லையே" என்றேன்.

"எங்களுக்குத் திரும்பியும் வரவில்லையே" என்றார்.

மெற்றோவில் வரும்போது தபால்காரனைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, சின்னவன் றொசானின் தடுப்பூசி அட்டையை எடுக்க உங்கள் மேசை லாச்சியைத் திறந்தேன். கடவுச்சீட்டுகளுக்குக் கீழே என் பெயர் எழுதிய உறை. பல்கலைக்கழகத்தின் முத்திரை. கத்தியால் நேராக வெட்டித் திறந்திருந்தது.

அந்த விண்ணப்பத்துக்காக மன்னாரில் என்னோடு மருந்தகத்தில் வேலை செய்த பத்திநாதர் ஐயா, எழுபது வயதில், என் பயிற்சிச் சான்றிதழில் ஒரு முத்திரை வாங்கக் கொழும்புக்கு இரண்டு தரம் பஸ்ஸில் போய் வந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்க நான் அலைந்தது உங்களுக்குத் தெரியும். மன்னார் வைத்தியசாலை மருந்தகத்தில் ஒன்பது வருடம் நின்றவள் நான். இங்கே நாலு வருடம் உங்கள் பிள்ளைகளை வளர்த்தேன். றொசானை மடியில் வைத்துக்கொண்டுதான் பிரெஞ்சு வினைச்சொற்களைப் பாடமாக்கினேன். அந்தப் பிள்ளைக்கே பாதி தெரியும்.

ஒரு கேள்விதான். ஏன்?

றோஸ்மேரி

*

வில்லரே
9 மே 2003

தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. திகதியும் கிழமையும் போட்டு பொலிஸ் அறிக்கை மாதிரி எழுதியிருக்கிறாய். அண்ணனுக்கு எழுதுகிற கடிதமா இது? வாசித்துவிட்டு மேசையில் எறிந்தேன். அக்னெஸ் எடுத்து வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். உனக்கு இப்போது சந்தோஷமா?

நடந்ததைச் சொல்கிறேன், கேள். பெப்ரவரி மாதம் டொர்வால் விமான நிலையத்தில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ ஒரு நாளும் அந்த ஓடுபாதைப் பக்கம் நின்றதில்லை. பனியில் விமானம் எல்லாம் பிந்தும். எல்லாம் ஒன்றாய் வந்து இறங்கும். நாரி முறிய முறியப் பெட்டி இறக்கிவிட்டு வருகிறவன் மேசையில் கிடந்த கடிதங்களை வாரி லாச்சிக்குள் போட்டேன். எதைத் திறந்தேன், எதைத் திறக்கவில்லை என்று யாருக்கு நினைவு? மறந்துபோனேன். மனிதன் மறப்பதில்லையா? அதற்கு இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போவதா? பங்கில் எல்லோரும் கேட்கிறார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால், "எங்கை தங்கச்சியைக் காணேல்லை?" என்று ஒவ்வொருவரும் கேட்க, நான் ஒவ்வொரு பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

"பிள்ளைகளை வளர்த்தேன்" என்று எழுதியிருக்கிறாய். நான் உன்னை வேலைக்காரியாகவா வைத்திருந்தேன்? நீ வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் நின்றது யார்? அகதி விசாரணைக்கு லீவு போட்டு மூன்று தரம் கூட வந்தது யார்? உன் முதல் குளிருக்கு என் மேலங்கியைக் கழற்றித் தந்தது யார்? அதெல்லாம் உன் அறிக்கையில் இல்லை.

இப்போது றொசானைக் கார்தெரிப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டிருக்கிறோம். ஒவ்வொரு காலையும் கதவைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். அக்னெஸ் வேலைக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்குகிறாள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. ஞானேந்திரனிடம் கதைத்தேன், என்னோடு வேலை செய்கிறவன். அவனுக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் இருக்கிறார். மார்ச் மாதம் உனக்குக் கடும் சுகவீனம், எழும்ப முடியாமல் கிடந்தாய் என்று அத்தாட்சி எழுதித் தருவாராம். அதைக் கொண்டுபோய்க் கொடு. அல்லது தபாலில் துலைந்தது என்று சொல். அவர்கள் நம்புவார்கள்.

முப்பத்தொன்பது வயதில் உனக்கு ஏன் இந்த ஓட்டம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஊர் கேட்கும்.

அண்ணன்
மரியதாசன்

*

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
16 மே 2003

அண்ணைக்கு,

மறந்துபோனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் இப்போது என் முன்னால் மேசையில் இருக்கிறது. மூன்றாவது வரியில் "கட்டாயமாகச் சமூகமளிக்கவேண்டும்" என்று பிரெஞ்சில் இருக்கிறது. அதில் "கட்டாயமாக" என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லுக்கு மேலே, பென்சிலால், தமிழில், "கட்டாயம்" என்று எழுதியிருக்கிறது. "ட" போடும்போது கீழே வால் இழுக்கிற எழுத்து. அப்பாவின் எழுத்தும் அப்படித்தான். அப்பா இறந்து பதினொரு வருடம்.

நீங்கள் அகராதி எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள், அண்ணை. விளங்காத சொல்லைத் தேடி, பொருள் எழுதி, முழுவதும் விளங்கிக்கொண்டு, பிறகு திரும்ப மடித்து உறைக்குள் போட்டிருக்கிறீர்கள். இதை மறதி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

டொக்டர் அத்தாட்சி வேண்டாம். நான் கேட்பது மருந்தாளராக ஒரு இடம். பொய் அத்தாட்சி கொடுத்து அந்தக் கதவுக்குள் போனால், நாளைக்கு ஒருவர் என் கையால் மருந்து வாங்கி எப்படி விழுங்குவார்? எனக்கு அந்த டொக்டரின் பெயர்கூடத் தெரியவேண்டாம்.

புதன்கிழமை லீவு கேட்டு மறுபடியும் அலுவலகத்துக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தார். ஒரு வழி இருக்கிறதாம். விண்ணப்பித்தவரின் பிழை இல்லாமல் கடிதம் கைக்குக் கிடைக்காமல் போயிருந்தால், குழு கோப்பைத் திரும்பப் பார்க்கும். ஆனால் என் சொல் போதாது. கடிதத்தை வைத்திருந்தவரே, தன் பெயர் விலாசத்தோடு எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கவேண்டும். கடைசித் திகதி ஜூன் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை.

உங்கள் மேலங்கியைக் கழற்றித் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உண்மை. நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்த நாலு வருடமும் உங்கள் வீட்டில் ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அந்த மேலங்கிக்காக நான் இதையும் விழுங்கவேண்டும் என்றால், அதை அன்றே சொல்லியிருக்கவேண்டும். நான் குளிரிலேயே நின்றிருப்பேன்.

எழுதித் தாருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

றோஸ்மேரி

*

வில்லரே
24 மே 2003

றோஸ்மேரி,

ஓம். வாசித்தேன். அகராதி பார்த்துத்தான் வாசித்தேன். போதுமா?

இனி நான் சொல்வதையும் கேள். நீ கேட்பது என்ன என்று உனக்கு விளங்குகிறதா? இந்த நாட்டில் இன்னொருவரின் கடிதத்தைத் திறப்பது குற்றம். நான் வேலை செய்வது விமான நிலையத்துக்குள். அந்த அமெரிக்கக் கட்டடங்கள் விழுந்த பிறகு எங்கள் அனுமதி அட்டைக்கு எத்தனை விசாரணை என்று உனக்குத் தெரியாது. என்னோடு நின்ற ஒருவனுக்கு ஏதோ பழைய சண்டை ஒன்றுக்காக அட்டையைப் பறித்து, அன்றே வெளியே அனுப்பினார்கள். நான் குற்றம் செய்தேன் என்று நானே எழுதி, நானே கையெழுத்து வைத்து, அரசாங்கக் காசில் நடக்கிற ஒரு இடத்தில் கொடுக்கச் சொல்கிறாய். நாளைக்கு அது சுற்றிச் சுற்றி டொர்வாலுக்கு வந்தால்? அக்னெசும் பிள்ளைகளும் உன் மருந்தாளர் வெள்ளை மேலுடுப்பைப் பார்த்துப் பசியாறுவார்களா?

நீ ஏன் என்று கேட்டாய். ஏன் என்று கேட்கிற உரிமை உனக்கு மட்டும்தானா? நானும் கேட்கிறேன். 1983ஆம் ஆண்டு கொழும்பில் மருந்தாளர் பயிற்சிக்கு முதலில் தெரிவானது யார்? நீயா, நானா? அந்தக் கடிதம் வந்த கிழமைதான் கொழும்பு எரிந்தது. அப்பா போகவேண்டாம் என்றார். என் சான்றிதழ்களை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு என்னை வள்ளத்தில் ஏற்றிவிட்டார். ஐந்து வருடம் கழித்து அதே படிப்புக்கு நீ போனபோது, பேசாலையிலிருந்து கொழும்புவரை கூட வந்து, விடுதி வாசலில் விட்டுவிட்டு அழுதாராம். அம்மா எனக்குக் கடிதம் எழுதினா. நான் அப்போது ஜெர்மனியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

இருபது வருடம் ஊரார் பெட்டி தூக்கியாயிற்று. நீ என் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து, அதே படிப்புக்கு இரண்டாம் தரம் விண்ணப்பம் நிரப்புகிறாய். ஒருவருக்கு ஒரு தரம்கூடக் கிடைக்காததை, மற்றவர் இரண்டு தரம் கேட்கிறார்.

நான் எழுதித் தரமாட்டேன். இது முடிவு.

மரியதாசன்

*

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
30 மே 2003

அண்ணைக்கு,

இரண்டு நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தேன். முதல் நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அதில் இருந்த சொற்களை ஒரு தங்கை எழுதக்கூடாது.

அப்பா செய்தது அநியாயம். அதை நான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். கொழும்பு விடுதி வாசலில் அப்பா அழுதது என்னைப் பிரிகிற கவலையில் இல்லை. "அவன் வந்திருக்கவேண்டிய இடம்" என்று சொல்லித்தான் அழுதார். அம்மா அதை எழுதவில்லையா? எழுதியிருந்தால் உங்களுக்கு இன்னும் நோகும் என்று விட்டிருப்பா.

ஆனால் கேளுங்கள். உங்களை மறித்தது அப்பா. நான் இல்லை. என்னை மறித்தது நீங்கள். அப்பாவுக்காவது பயம் இருந்தது, பிள்ளை உயிரோடு இருக்கவேண்டும் என்ற பயம். நான் மொன்றியல் மெற்றோவில் ஏறி பிரெஞ்சுப் பரீட்சை எழுதப் போனால் எனக்கு என்ன நடந்திருக்கும் என்று பயந்தீர்கள்?

இரண்டாம் தரம் கேட்கிறேன் என்கிறீர்கள். முதல் தரம் படித்ததை இந்த நாடு ஏற்கவில்லை என்பதால்தான் இரண்டாம் தரம். இன்சுலின் இல்லாத மருந்தகத்தில் நின்று, வாசலில் நிற்கிற தாய்மாரிடம் "நாளைக்கு வரும்" என்று சொன்ன நாட்களும் அந்த ஒன்பது வருடத்தில் அடக்கம். நான் அங்கே சொகுசாக இருந்துவிட்டு வந்து உங்கள் பங்கைப் பறிக்கவில்லை.

உங்கள் அனுமதி அட்டையைப் பற்றிக் கேட்டேன். பெயர் சொல்லாமல்தான் கேட்டேன். குழுவுக்குக் கொடுக்கும் கடிதம் குழுவின் கோப்போடு இருக்கும், வெளியே போகாது என்றார் அந்தப் பெண். நூற்றுக்கு நூறு உறுதி தருவாரா என்று கேட்டேன். "அப்படி உறுதி தர எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். ஆகவே நானும் தரமுடியாது. உங்களுக்கு ஆபத்தே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆபத்து இருக்கலாம். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லிவிட்டேன் என்று மச்சாளிடம் சொன்னீர்களாம். சுவாமி என் கோப்பைத் திறக்கமாட்டார்.

ஜூன் பதின்மூன்றுக்கு இன்னும் பதினாலு நாள். கடிதம் வராவிட்டால் இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

றோஸ்மேரி

*

வில்லரே
12 ஜூன் 2003, வியாழன்

தங்கச்சி,

கொடுத்துவிட்டேன். இன்று பத்து மணிக்கு, அந்த யன்னலில், என் கையால்.

தபாலில் போடலாம் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை எழுதி, புதன்கிழமை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தபால்பெட்டியைத் தாண்டி இரண்டு தரம் நடந்தேன். இரண்டு தரமும் போடவில்லை. பிறகு என்னையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. இன்று வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு மெற்றோ எடுத்தேன்.

நீ எழுதிய அதே பெண்தான் என்று நினைக்கிறேன். கண்ணாடி, கட்டை முடி. உறையைத் திறந்து என் முன்னாலேயே வாசித்தார். அகராதி வைத்து நானே பிரெஞ்சில் எழுதியது. ஒரு இடத்தில் பென்சிலால் ஓர் எழுத்தைத் திருத்தினார். பிறகு நிமிர்ந்தார்.

"இந்த மரியதாசன் நீங்களா?"

"ஓம், நான்தான்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு பிரெஞ்சில் சொன்னேன்.

"உங்கள் தங்கைக்கு இது தெரியுமா?"

"தெரியும். அவள்தான் கேட்டாள்."

"நீங்கள் இருவரும் பேசிக்கொள்கிறீர்களா?"

"இல்லை. எழுதுகிறோம்."

அடையாள அட்டை கேட்டார். என் பதற்றத்தில் முதலில் விமான நிலைய அட்டையை நீட்டிவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், மிஸ்யூ. வேறு ஏதாவது தாருங்கள்" என்று திருப்பித் தந்தார். அவருக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். அல்லது நான்தான் அப்படி நினைக்கிறேன்.

நான் எழுதியதைத் தமிழில் கீழே எழுதுகிறேன். நீ இல்லாத இடத்தில் உன்னைப் பற்றி என்ன எழுதினேன் என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

"நான் மரியதாசன், றோஸ்மேரியின் மூத்த சகோதரன். உங்கள் பெப்ரவரி 17ஆம் திகதிக் கடிதம் என் வீட்டுக்கு வந்தது. அது என் தங்கைக்கு உரியது. அவள் அறியாமல் நான் அதைத் திறந்தேன், வாசித்தேன், விளங்கிக்கொண்டேன். அவளிடம் கொடுக்கவில்லை. பரீட்சை நாள் தாண்டும்வரை மறைத்து வைத்திருந்தேன். பிழை என்னுடையது. அவள் நல்ல மருந்தாளர். தயவுசெய்து அவளுடைய கோப்பைத் திறவுங்கள்."

ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. நீ கேட்டாய். போன கடிதத்தில் அப்பாவைச் சொன்னேன். அது உண்மை, ஆனால் அது மட்டும் உண்மையில்லை. ஜனவரியில் நீ மேசையில் சான்றிதழ்களைப் பரப்பி வைத்திருந்தாய். லக்சனா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக முத்திரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, மாமியிட்ட இவ்வளவு பேப்பர் இருக்கு. உங்கட பேப்பர் எங்கை?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். பிள்ளையின் கதைக்குத்தான் சிரித்தாய், எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் தாங்க முடியவில்லை.

கடிதம் வந்த அன்று, ஒரு நாள் வைத்திருந்து கொடுப்போம் என்றுதான் லாச்சியில் போட்டேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். மார்ச் பதினைந்து தாண்டிய பிறகு கொடுக்கவும் முடியாது, கிழிக்கவும் மனம் வரவில்லை.

இதற்காக நீ இளகவேண்டும் என்று எழுதவில்லை. எனக்கும் உன்மேல் கோபம் இருக்கிறது. பிள்ளைகளிடம் ஒரு சொல் சொல்லாமல் போனாய். அதை நான் மறக்கமாட்டேன்.

அண்ணன்

*

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
8 ஜூலை 2003

அண்ணைக்கு,

குழுவின் பதில் நேற்று வந்தது. இந்த வருடத்து இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. ஆகவே இந்த வருடம் இல்லை. உங்கள் கடிதத்தை ஏற்று என் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சான்றிதழ்கள் எதையும் மறுபடியும் கொடுக்கத் தேவையில்லை. பிரெஞ்சுப் பரீட்சை அக்டோபரில். தேறினால் 2004 செப்டம்பருக்கு என்னை எடுப்பதா என்று பார்ப்பார்கள்.

ஒரு வருடம் போய்விட்டது. நாற்பது வயதில் முதலாம் ஆண்டு. படித்து முடிக்கும்போது நாற்பத்து நாலு. எத்தனை தட்டு, எத்தனை சூப் என்று நான் எண்ணுவதில்லை, எண்ணினால் உங்களுக்குச் சாபம் போட்டுவிடுவேன்.

நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். நன்றி சொல்ல முயன்று பார்த்தேன். வரவில்லை. என்னுடையதைப் பறித்துவிட்டுத் திருப்பித் தந்தவருக்கு நன்றி சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கடிதம் கொடுக்க நீங்கள் எதைப் பணயம் வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அது தெரியாதவள் போல நான் நடிக்கவும் மாட்டேன்.

பிள்ளைகளிடம் சொல்லாமல் வந்தது என் பிழை. அதற்கு நீங்கள் கோபிக்கலாம். அவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். லக்சனாவுக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்பதால் பிரெஞ்சில் எழுதினேன். திறக்காமல் அவள் கையில் கொடுங்கள்.

மச்சாளிடம் கறி கொடுத்து அனுப்பவேண்டாம். இரண்டு பஸ் மாறி வந்து, வாசலில் நின்று அழுதுவிட்டுப் போகிறா. நான் உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. அது அவவின் பிழை இல்லை. அவவை அனுப்புவது உங்கள் பிழை.

கொஞ்ச நாள் எழுதவேண்டாம்.

றோஸ்மேரி

*

வில்லரே
18 ஏப்ரல் 2004

தங்கச்சி,

ஒன்பது மாதம் எழுதாமல் இருந்தேன். நீ சொன்னபடி.

அக்டோபர் பரீட்சையில் எழுத்துப் பகுதியில் தவறிவிட்டாய் என்று குணேஸ்வரி அக்கா நவம்பரில் அக்னெசுக்குச் சொன்னா. அதைக் கேட்டபோது எனக்குள்ளே ஏதாவது சந்தோஷப்படுகிறதா என்று என்னை நானே சோதித்துப் பார்த்தேன். படவில்லை. இதை நீ நம்பவேண்டும் என்று இல்லை. எனக்கு அது பெரிய காரியம், அதனால் எழுதுகிறேன். பெப்ரவரியில் திரும்ப எழுதினாய் என்றும் கேள்விப்பட்டேன். முடிவு தெரியாது. கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

அட்டைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பெட்டிதான் இறக்குகிறேன்.

லக்சனாவிடம் நானே சொன்னேன். மாமி ஏன் போனா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மாமியின் கடிதத்தை ஒளித்து வைத்தேன் என்றேன். "அது பொல்லாத வேலை, அப்பா" என்றாள். ஓம் என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. உன் இரத்தம்தான்.

மே பதினாறாம் திகதி, ஞாயிறு, அவளுக்கு முதல் நன்மை, முதல் தரமாக நற்கருணை வாங்குகிறாள். பூசை பதினொரு மணிக்கு. பிறகு கோயில் மண்டபத்தில் சாப்பாடு. மாமி வராவிட்டால் வெள்ளை உடுப்புப் போடமாட்டேன் என்று நிற்கிறாள். நான் கூப்பிட்டால் நீ வரமாட்டாய் என்று தெரியும். இது அவள் கூப்பிடுவது, நான் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இன்னும் எத்தனை தரம் நான் பிழை என்று எழுதவேண்டும், றோசி? ஒரு மனிதன் எத்தனை தரம் குனிவான்? ஒரு எண்ணிக்கை சொன்னால் அதையாவது முடித்துவிடுவேன்.

அண்ணன்

*

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
6 மே 2004

அண்ணைக்கு,

எண்ணிக்கை ஒன்றும் என்னிடம் இல்லை. கடையில் மருந்து எண்ணிக் கொடுப்பது போல இதைக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

பெப்ரவரிப் பரீட்சையில் தேறிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை அனுமதிக் கடிதம் வந்தது. செப்டம்பரில் வகுப்புத் தொடங்குகிறது. சாப்பாட்டுச்சாலையில் எல்லோருக்கும் நானே கேக் வெட்டினேன். குணேஸ்வரி அக்கா சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று ஒப்பாரி வைத்து அழுதார். பத்திநாதர் ஐயாவுக்கு மன்னாருக்குப் போன் எடுத்தேன். காது கேளாமல் நாலு தரம் "ஆர்?" என்று கேட்டார். ஐந்தாம் தரம் விளங்கியதும் போனை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடிவிட்டார்.

அக்டோபரில் நான் தவறியதை எழுதியிருந்தீர்கள். உங்களுக்குச் சந்தோஷம் வரவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். போன வருடம் மார்ச்சில் போயிருந்தாலும் இவள் தவறியிருப்பாள், ஆகவே பெரிய நட்டமில்லை என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்லலாம். நீங்களே உங்களுக்குச் சொல்லலாம். சொல்லாதீர்கள். தவறியிருந்தால் நானே தவறியிருப்பேன். அந்த யன்னலுக்கு நானே போய், திரும்ப எப்போது வரலாம் என்று நானே கேட்டிருப்பேன். தவறுகிற உரிமையும் என்னுடையதுதான். அதையும் சேர்த்துத்தான் நீங்கள் எடுத்தீர்கள்.

ஒரு வருடத்தில் கோபம் ஆறும் என்று குணேஸ்வரி அக்கா சொன்னார். எனக்கு ஆறவில்லை. பஸ்ஸில் போகும்போது, வெங்காயம் வெட்டும்போது, திடீரென்று அந்தப் பென்சில் எழுத்து நினைவுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அண்ணை பிழை என்று எழுதிவிட்டார், நேரே போய் நின்றும் சொல்லிவிட்டார், இன்னும் என்ன வேண்டும் என்று என்னையே கேட்கிறேன். என்ன வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

லக்சனாவிடம் உண்மையைச் சொன்னது சரி. அதற்கு மட்டும் நன்றி. இந்த ஒன்று வருகிறது, ஆகவே சொல்கிறேன்.

பதினாறாம் திகதி வருகிறேன். ஆனால் முதலே சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலில் நின்று என்னை வரவேற்கவேண்டாம். பங்கு ஆட்கள் முன்னால் என் கையைப் பிடித்து அழவேண்டாம், நான் உதறிவிடுவேன், பிள்ளைக்கு வெட்கமாய்ப் போய்விடும். நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று யாரிடமும் சொல்லவேண்டாம். படம் எடுக்கும்போது நான் மச்சாளுக்குப் பக்கத்தில் நிற்பேன்.

இந்தக் கோபம் தீர்ந்த பிறகுதான் வருவது என்றால், அதற்குள் லக்சனா கலியாணம் முடித்துவிடுவாள். ஆகவே கோபத்தோடேயே வருகிறேன். மண்டபத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கள்.

றோஸ்மேரி